கட்டை பேசாது

ஏனுங்க, உங்க மடியில இருக்கற அந்தக் கரடி, சாவி குடுத்தா டமாரம் அடிக்கறதுதானுங்களே?

தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னிக்கு நான் யாருகிட்டயும் வாயே தொறக்கக் கூடாதுன்னு இருக்கறவனுங்க. காலையில இருந்து அதைத்தான் பழகிட்டு இருக்கேன். பால்காரர்கிட்டப் பேசல. வாட்ச்மேன் வணக்கம் வெச்சதுக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். காந்திபுரத்துல இந்தப் பஸ்ஸுல ஏறி, கண்டக்டர்கிட்ட 'சத்தி ஒண்ணு'ன்னதோட நிறுத்திக்கிட்டேன். சில்லறை இல்லியான்னு அவரு கத்தினாரு, அதுக்கும் பேசல. சத்தியமங்கலம் போற வரைக்கும் இப்படியே போயிடலாம்னுதான் இருந்தேன். ஆனா பக்கத்துல வந்து உக்காந்ததும் பையில இருந்து அந்தக் கரடியை எடுத்து மடியில வெச்சுட்டீங்களே! கெணத்துப் பக்கமாத் தவழ்ந்து போற கொழந்தையைப் பாத்தா நீங்க சும்மா இருப்பீங்களா? அந்த மாதிரிங்க.

எதுக்குப் பேசக் கூடாதுன்னு கேக்கறீங்களா? கேக்கலீங்களா? பரவால்லீங்க, சொல்றேன். என்ற பொண்ணு விசயமுங்க. ஆறு வயசு நடக்குது. சத்தியில அவங்க மாமன் வீட்டுல இருக்கறா. நாளைக்குப் பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. இன்னிக்கு நான் வாயை மூடிட்டு இருந்தாத்தான் அவ என்கூடக் கோயமுத்தூருக்கு வருவா. அப்படி ஒரு கண்டிசன் போட்டிருக்கறா என்ற வீட்டுக்காரி. அதை அப்பறம் சொல்றேன். மொதல்ல கரடிக்கு வருவோம்.

குடுங்க, சித்த பாக்கறேன். அட, பயப்படாதீங்க, பம்ப் கம்பெனியில குவாலிட்டி செக்ஷன்ல இருக்கறவனுங்க நானு. பேரு குழந்தைவேலு. என்ற கையைத் தாண்டாம ஒரு பம்ப் கேட்டைத் தாண்டாது. எதைப் பாத்தாலும் இது எத்தனை நாளைக்கு ஒழைக்கும்னுதான் மொதல்ல தோணும். பொண்ணு பாக்கப் போனப்ப, பொண்ணைப் பாக்காம அவங்க வீட்டுக் கதவுக் கீலைத்தான் பாத்துட்டு இருந்தேன்னு பூங்கொடி இன்னும் சொல்லிக் காட்டுவா. கீலு தேஞ்சுதான் போயிருந்துச்சுங்க, நான் என்ன பண்றது?

விசயம் என்னன்னா, எங்க அப்பார்ட்மெண்ட்டுக்கு ஒரு நாள் ஒரு அம்மா வந்து கொழந்தை வளர்ப்பைப் பத்திப் பேசுனாங்க. நல்ல படிச்சவங்க. அவங்க சொன்னாங்க, வீடு நெறையப் பொம்மை வாங்கி அடுக்காதீங்க, கொஞ்சமா வாங்குங்க, ஆனா உறுதியா வாங்குங்க. பட்டனை அமுத்தினா ஆடற பொம்மை வேண்டாம். அது ஒரே ஒரு வேலைதான் செய்யும். ரெண்டு நாள்ல கொழந்தைக்குச் சலிச்சுப் போகும். ஓப்பன் எண்டட் பொம்மை வாங்குங்க. மரக்கட்டை, துணி, கயிறு, இந்த மாதிரி. இன்னிக்கு வீடாகும், நாளைக்கு ரயிலாகும், கொழந்தை நெனச்சதெல்லாம் ஆகும். எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்க! எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. அப்பறம், வாங்கிக் குடுத்துட்டுப் பெத்தவங்க தள்ளி உக்காந்துக்கணும்னும் என்னமோ சொன்னாங்க. அந்நேரம் நான் ஒரு கேள்வி கேட்டுட்டு இருந்தேன், சரியாக் காதுல விழல.

அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டனுங்க. என்ற பொண்ணு தன்ஷிகாவோட கற்பனையை நான் ஒரு கை பாத்தறதுன்னு.

கட்டை வாங்கறதுன்னா சும்மா கடைக்குப் போயி வாங்கிட்டு வந்தர்றதா? நல்ல மரமான்னு பாக்கணும், ஈரம் ஏறினா உப்பிப் போகுதான்னு பாக்கணும், சாயம் போகுதான்னு பாக்கணும். நான் ஒவ்வொரு கட்டையையும் வெர்னியர் வெச்சு அளந்தேன். தண்ணியில ஊறப் போட்டேன். ஒழைக்குமான்னு பாக்க ஒரே வழி, போட்டுப் பாக்கறதுதான். ரெண்டாவது மாடியில இருந்து ஒண்ணைக் கீழ போட்டேன். பக்கத்து வீட்டுக்காரரு பைக்கு மேல விழுந்து டேங்க் அமுங்கிப் போச்சு. கட்டைக்கு ஒரு கீறல் இல்லீங்க! சந்தோசத்துல ஓடிப் போயி அவருகிட்டயே காட்டுனேன். அந்த மனுசனுக்குத் தரம்னா என்னன்னே தெரியல. இப்பவும் என்கூடப் பேசறதில்ல.

இந்தாங்க, இந்தப் பொட்டிதான். எங்க போனாலும் கையோட கொண்டு போவேன். தொறந்து காட்டறேன் பாருங்க. வாங்கி அஞ்சாறு மாசம் ஆச்சு. எங்கயாச்சும் ஒரு பிசிறு, ஒரு மூலை ஒடஞ்சது, சொல்லுங்க? கடையில இருந்து இப்பத்தான் எடுத்துட்டு வந்த மாதிரி இருக்குதா இல்லியா? அதுதாங்க உறுதிங்கறது. இது என்ற பொண்ணோட பொண்ணு வரைக்கும் வரும்.

தொடாதீங்க, கை கழுவியிருக்க மாட்டீங்க.

அப்பத்தான் காதுகுத்து வந்துச்சுங்க. கொலதெய்வம் கோயில்ல வெச்சோம். எங்க பக்கம் காதுகுத்துன்னா தாய்மாமன் சீர்தான் பெருசு, உங்களுக்குத் தெரியாததா? என்ற மச்சான், பூங்கொடிக்கு அண்ணன், சிவசண்முகம்னு பேரு. சத்தியில வாழைத்தார் யாவாரம். மனுசன் தங்கமானவருதான். கொஞ்சம் வெவரம் பத்தாது. மேளத்தோட சீர் வருதுங்க. தட்டுல பழம், துணிமணி, காதுக்குக் கம்மல், எல்லாம் வருது. கடைசியில பாத்தா மச்சான் தலையில சும்மாடு வெச்சு, அது மேல ஒரு காரைத் தூக்கிட்டு வர்றாரு. பேட்டரி காருங்க. செவப்பு. கொழந்தை உள்ள உக்காந்து ஓட்டற மாதிரி. அதுக்கு மாலை வேற போட்டிருக்குது.

எனக்குப் பகீர்னுச்சு. பட்டனை அமுத்தினா போறது! ஒரே ஒரு வேலை! அந்த அம்மா எதை வேண்டாம்னாங்களோ அதே!

பாப்பா மாமன் மடியில உக்காந்திருக்குது. ஆசாரி ஊசியை எடுக்கறாரு. எல்லாக் கொழந்தையும் அந்நேரத்துக்கு ஊரைக் கூட்டும். இவ பொட்டுச் சத்தம் போடல. கண்ணெடுக்காம அந்தக் காரையே பாத்துட்டு இருந்தா. "அழுகாம இருந்தீன்னா மாமன் உன்னை அதுல உக்கார வெச்சுக் கோயிலைச் சுத்தி வர்றேன்"னு மச்சான் சொல்லியிருப்பாரு போல. ரெண்டு காதும் குத்தியாச்சு. எந்திரிச்சு நேரா காருகிட்டப் போனா.

அந்நேரத்துல ஒரு அப்பன் என்னங்க பண்ணணும்? மொய் எழுதறவங்களுக்காக மைக் செட் போட்டிருந்தாங்க. சும்மாதான் கெடந்துச்சு. எடுத்தேன். சொந்தபந்தம் எல்லாரும் பந்திக்குப் போக எந்திரிச்சுட்டாங்க, உக்காரச் சொன்னேன். பொறுமையா வெளக்கினேன். "இந்தக் காரைக் கொழந்தை ஓட்டல. இந்தக் காருதான் கொழந்தையை ஓட்டுது"ன்னு ஆரம்பிச்சேன். நல்லா வந்துச்சு பேச்சு. மரத்தோட பெருமை, கற்பனை, மூளை எப்படி வளருது, எல்லாம் சொன்னேன். ஒருத்தரு அசையலீங்க. சமையக்காரரு மட்டும் நடுவுல வந்து, சாம்பார் ஆறுதுங்கன்னாரு. "ஆகவே, மச்சானோட அன்பை ஏத்துக்கறோம், சீர்ல இந்தக் காரை மட்டும் திருப்பி அனுப்பறோம்"னு முடிச்சுட்டு, இந்தக் கட்டைப் பொட்டியைப் பாப்பா கையில குடுத்தேன்.

அப்பத்தான் அழுதாளுங்க. ஓன்னு அழுகை. காதுவலி லேட்டாத் தெரிஞ்சிருக்கு போல. சில கொழந்தைக்கு அப்படித்தான்.

மச்சான் துண்டைச் சுருட்டி மறுபடி சும்மாடு கட்டிக் காரைத் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டாரு. மேளக்காரங்க அடிக்கறதா வேண்டாமான்னு தெரியாம நின்னாங்க. பூங்கொடி என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. தாய்மாமன் சீரை எவனாச்சும் திருப்பி அனுப்புவானான்னு அன்னிக்கு ராத்திரி கேட்டா. நான் சீரைத் திருப்பலீடி, ஒரு பொம்மையைத்தான் திருப்பினேன்னேன். அதுக்கப்பறம் ஒரு மாசத்துக்குச் சாப்பாடு மேசையில வந்து உக்காரும், ஆள் வராது.

அன்னூர் வந்துருச்சுங்களா? டீ சாப்பிடறீங்களா? வேண்டாமா? சரி. நீங்க என்ன, வந்ததுல இருந்து சன்னலையே பாத்துட்டு வர்றீங்க.

காதுகுத்து முடிஞ்சு, கட்டையை வெச்சு வேலையை ஆரம்பிச்சோம். விளையாட்டைத்தான் சொல்றேன். தெனமும் நான் ஆபீஸ்ல இருந்து வந்ததும் ஒரு மணி நேரம். அதுக்குப் பேரு சுதந்திர விளையாட்டு நேரம். கை கழுவணும், பாயை விரிக்கணும், பாயை விட்டுக் கட்டை வெளிய போகக் கூடாது, ஒண்ணோட ஒண்ணை மோதக் கூடாது. மத்தபடி முழுச் சுதந்திரம். நான் பக்கத்துல ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்குவேன்.

மொத நாளு அவ ரெண்டு கட்டையை நிறுத்தி மேல ஒண்ணை வெச்சா. "என்ன அம்மிணி இது?"ன்னேன். "வீடுங்ப்பா"ன்னா. "அருமை. வேற என்னவா இருக்கலாம்?"ன்னேன். யோசிச்சா. "வீடுதானுங்ப்பா"ன்னா. "இன்னும் மூணு சொல்லு பாக்கலாம்"ன்னேன். கற்பனையைத் தூண்டணுமில்லீங்களா? பாவம், கொழந்தை முழிச்சா. அப்பறம் நானே மூணு சொன்னேன். அதுவுமில்லாம அவ வெச்ச சொவுரு லேசா சாஞ்சிருந்துச்சு. ரசமட்டம் கொண்டாந்து வெச்சுக் காட்டுனேன். இப்படி அஸ்திவாரம் போட்டா நிக்காது கண்ணுன்னேன். பிரிச்சுட்டு நானே ஒரு தடவை கட்டிக் காட்டுனேன். பாத்தா நேரம் போனதே தெரியல. ஒரு மணி நேரமா அவ பாயோட ஓரத்துல உக்காந்து என்னையே பாத்துட்டு இருந்தா. என்ன ஒரு கவனம்ங்கறீங்க!

ஒரு விசயம் மட்டும் எனக்கு இன்னும் புரியலீங்க. ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் முடிஞ்சதும், கட்டையை எல்லாம் எடுத்துப் பொட்டியில அடுக்கி வெச்சுட்டு, கையைக் கட்டிட்டு வந்து நின்னு கேப்பா: "முடிஞ்சுதுங்களாப்பா? நான் போயி விளையாடட்டுங்களா?"

அப்ப அது வரைக்கும் நாங்க என்ன பண்ணிட்டு இருந்தோம்? சொல்லுங்க.

கேட்டுட்டுக் கீழ ஓடிப் போயிருவா. அங்க என்ன விளையாட்டு தெரியுங்களா? ஒரு அறுந்த செருப்பு. அதை இழுத்துட்டுத் திரிவா. ஆட்டுக்குட்டியாம். அந்தச் செருப்பைக் கொண்டு போயிக் குப்பையில போட்டது நான்தான். நோய் வரும் பாருங்க.

அட! என்னங்க இது! பாத்தீங்களா? உங்க கரடிக்கு ரெண்டே சுத்துத்தான் சுத்தினேன், டக்குன்னு கையோட வந்துருச்சு பாருங்க சாவி. நான் சொன்னனில்ல? சுருள்கம்பி மட்டமுங்க. நல்லவேளை, என்ற கையில போச்சு. கொழந்தை கையில போயிருந்தா ஏமாந்து போயிருக்கும். இருங்க, மொறைக்காதீங்க. இதுக்குப் பதிலா என்ற பொட்டியில இருந்து ஒரு கட்டையை எடுத்துக் குடுத்தர்லாம். ஆனா செட்டுல ஒண்ணு கொறஞ்சு போயிருமே. அதனால ஒண்ணு பண்றேன், கட்டை எங்க கெடைக்குதுன்னு விலாசம் சொல்றேன்.

முழுப்பரீட்சை லீவு விட்டாங்க. பூங்கொடி பாப்பாவைக் கூட்டிட்டுச் சத்திக்குப் போயிட்டா. ஒரு வாரம்னுதான் சொன்னா. ஒரு வாரம் ஒரு மாசமாச்சு. போன் பண்ணினா, "பாப்பா விளையாடிட்டு இருக்கறாங்க, அப்பறம் கூப்பிடறோம்"ங்கறா. எப்பக் கூப்பிட்டாலும் விளையாடிட்டு இருக்கறா. எதை வெச்சுங்க? கட்டைப் பொட்டி என்கிட்ட இருக்குதே!

போன ஞாயித்துக்கிழமை சொல்லாம கெளம்பிப் போயிட்டேன். மச்சான் வீட்டு முன்னால வாசல் பெருசு. வேலி ஓரமா நின்னு பாக்கறேன். நடுவுல அந்தச் செவப்புக் காரு நிக்குதுங்க. எலி வயரைக் கடிச்சு அது எப்பவோ ஓடாமப் போச்சாம். மச்சான் பையன் மிதுனும் அக்கம்பக்கத்துக் கொழந்தைகளும் அதை வெச்சுத்தான் விளையாடறாங்க. காலையில அது ஜூஸ் கடையாம். அப்பறம் கயிறு கட்டித் தேராட்டம் இழுத்திருக்கறாங்க. பின் சீட்டுல ஒரு கோழி ஏறி முட்டை வெச்சுட்டதால மத்தியானத்துல இருந்து பிரசவ ஆஸ்பத்திரி. எனக்குப் பாவமாப் போச்சு. நல்ல பொம்மை இல்லாத கொழந்தைங்க, ஒடஞ்ச சாமானை வெச்சு என்னென்ன பண்ண வேண்டியிருக்குது பாருங்க.

நான் கேட்டைத் தொறந்து உள்ள போனதும், "வயரு தான கண்ணு, அப்பா ஒரு நிமிசத்துல மாத்திக் குடுக்கறேன், ஓடும்"னேன். அத்தனை கொழந்தைகளும் ஒரே குரல்ல "வேண்டாம்!"ன்னு கத்துதுங்க. மிதுன் ஓடி வந்து காரு மேல படுத்துக்கிட்டான். ஓடாத காரை வெச்சு என்னடா பண்ணுவீங்கன்னு கேட்டேன்.

கேளுங்க, முக்கியமானது இனிமேதான். நான் உள்ள போறதுக்கு முன்னால வேலி ஓரமா நின்னேன்னு சொன்னனில்ல, அப்ப நடந்துட்டு இருந்தது ஆஸ்பத்திரி விளையாட்டு இல்ல. அதுக்கு அடுத்தது. கொழந்தைக எல்லாம் காருக்குள்ள நெருக்கி உக்காந்திருக்குதுங்க. என்ற பொண்ணு மட்டும் வெளிய ஒரு முக்காலியைப் போட்டுக் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கறா. கம்பியை வளைச்சுக் கண்ணாடி மாட்டியிருக்கறா. தொண்டையைச் செருமறா. "வீடு. அருமை. வேற என்னவா இருக்கலாம்? இன்னும் மூணு சொல்லு"ங்கறா. அச்சு அசல் நானேதானுங்க! விளையாட்டு என்னன்னா, அப்பா பேசற வரைக்கும் யாரும் அசையக் கூடாது. அப்பாவுக்குப் போன் வந்து திரும்பினதும் எல்லாரும் தப்பிச்சு ஓடிரணும். மாட்டினவங்க மறுபடி வந்து உக்காந்து கேக்கணும். அதுகளுக்குச் சிரிப்புன்னா சிரிப்பு, வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிக்குதுங்க.

பூங்கொடிகிட்ட அன்னிக்கே சொன்னேன்: பாத்தியா, எப்பேர்ப்பட்ட கற்பனை! ஒரு பொம்மை இல்லாம, வெறும் முக்காலியை வெச்சு ஒரு விளையாட்டையே உண்டாக்கியிருக்கறா. அத்தனையும் கட்டை குடுத்த பயிற்சின்னேன். அவ உள்ள போயிட்டா.

ஆனா ஒண்ணு சொல்றனுங்க. எனக்கும் ஆசையா இருந்துச்சு. அந்த வயரு பேச்சு முடிஞ்சதும், "அம்மிணி, நானும் வரட்டா விளையாட்டுக்கு?"ன்னு கேட்டேன். பாப்பா கண்ணாடியைக் கழட்டிட்டு என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. "அப்பாவுக்கு ஆள் இருக்குதுங்ப்பா"ன்னா.

சுருக்குன்னுச்சுங்க. சின்னக் கொழந்தை, தெரிஞ்சா சொல்லும்? இருந்தாலும் நெஞ்சுல எங்கயோ போயிக் குத்திருச்சு.

என்ற மொகம் சுண்டிப் போனதைப் பாத்திருப்பா போல. கண்ணாடியை மறுபடி மாட்டிட்டு, "வேணும்னா நீங்க கட்டையா இருங்க"ன்னா. "இங்க வந்து உக்காருங்க. கட்டை பேசாது."

உக்காந்தேன். எங்க கம்பெனி ஆளுங்க பாத்திருந்தா சிரிச்சிருப்பாங்க. மண்ணுல மண்டி போட்டு உக்காந்தேன். முதுகு மேல ஒரு துண்டை விரிச்சா, நான் மளிகைக் கடை மேசை. மண்ணை அளந்து அளந்து என்ற முதுகு மேல வெச்சு யாவாரம் பண்ணினாங்க. அப்பறம் காளை மாடு. அப்பறம் மலை, மிதுன் ஏறி உச்சியில நின்னு கூவினான். இடுப்பு விட்டுப் போச்சு, வாயைத் தொறக்கல. அப்பறம் கோழிக்கூடு. அந்த முட்டை இருந்துச்சில்ல, அதை எடுத்துட்டு வந்து என்ற உள்ளங்கையில வெச்சா. இளஞ்சூடா இருந்துச்சுங்க. "ஆடக் கூடாது"ன்னு காதுகிட்ட வந்து சொன்னா. சொல்லிட்டு என்ற முதுகுல சாஞ்சு உக்காந்துக்கிட்டா. சும்மா, சொவுத்துல சாஞ்ச மாதிரி. காதுகுத்துல இருந்து அவளா வந்து என்னைத் தொட்டது அதுதானுங்க மொதல் தடவை. கால்ல எறும்பு கடிக்குது. கடிக்கட்டும்னு விட்டுட்டேன். இப்படியே பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தாலும் சரின்னு தோணுச்சு.

அப்பப் பாருங்க, அந்த மிதுன் பய ரெண்டு செங்கல்லை நட்டு, மேல ஒரு அட்டையைப் போட்டு, "இதுதான் பவானி ஆத்துப் பாலம்"ங்கறான்.

நீங்களே சொல்லுங்க, அவ்வளவு நீளத்துக்கு நடுவுல ஒரு தூண் வேண்டாமா? லோடு தாங்குமா? நான் வேணும்னு பண்ணலீங்க. "கண்ணு, நடுவுல ஒரு சப்போர்ட் குடுக்கணும்டா"ன்னு கையை நீட்டிட்டேன். முட்டை வெச்சிருந்த கைதான். கீழ விழுந்து ஒடஞ்சு போச்சு.

யாரும் சண்டைக்கு வரல. பாப்பா அழுகக்கூட இல்ல. எந்திரிச்சு, என்ற முதுகு மேல இருந்த துண்டை எடுத்து உதறி மடிச்சா. "இந்தக் கட்டை பேசுது"ன்னா, மிதுன்கிட்ட. அவ்வளவுதான். எல்லாரும் சேந்து காரை இழுத்துட்டுக் கொல்லைப்பக்கம் போயிட்டாங்க. நான் அங்கயே மண்டி போட்டபடி உக்காந்திருந்தேன். மச்சான் வந்துதான் கையைக் குடுத்துத் தூக்கிவிட்டாரு. கை கழுவத் தண்ணி மொண்டு ஊத்தினாரு. அன்னிக்குச் சீர்ல அவ்வளவு பேசினனே, அந்த மனுசன் ஒரு வார்த்தை சொல்லலீங்க. சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல.

கெளம்பறப்ப, வா அம்மிணி போலாம்னேன். வரலைன்னுட்டா. தூணுக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டா. பூங்கொடி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து சொன்னா: "அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க. வந்து உக்காருங்க. அவளா வந்து உங்க கையைப் புடிக்கற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாதீங்க. புடிச்சான்னா மூணு பேரும் போலாம். இல்லீன்னா திங்கக்கிழமை இங்கயே பள்ளிக்கூடத்துல சேத்துட்டு நானும் இங்கயே இருந்துக்கறேன். அண்ணன்கிட்டச் சொல்லிட்டேன்." அவ கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு பேசியிருப்பேன். சாதாரணமாச் சொன்னாளுங்க, கடைக்குப் போயிட்டு வர்றேங்கற மாதிரி.

இந்த ஒரு வாரமா வீட்டுல ஒரு சத்தம் இல்ல. சாயந்திரம் வந்தா கை கழுவிட்டுப் பாயை விரிக்கறேன். பொட்டியைத் தொறந்து வெச்சுட்டுச் சேர்ல உக்காந்து பாக்கறேன். எதிர்ல ஆள் இல்லாம அதை வெச்சு என்ன பண்றதுன்னு தெரியலீங்க. ஒரு வீடு கட்டுனேன். நேராத்தான் நின்னுச்சு. "வேற என்னவா இருக்கலாம்?"னு எனக்கு நானே கேட்டுப் பாத்தேன். ஒண்ணும் தோணல.

அதுக்குத்தான் காலையில இருந்து பேசாம இருக்கப் பழகறேன். வேற ஒண்ணும் இல்ல, வாயை மூடிட்டு உக்காரணும். அவ்வளவுதான? அவ வருவா. என்ற பக்கத்துலதான் விளையாடுவா. நான் தப்புன்னு ஒண்ணைப் பாத்தாலும் சொல்லப் போறதில்ல. பாலம் சாஞ்சா சாயட்டும். இன்னிக்கு என்ற பொண்ணு என்ற கையைப் புடிக்கலீன்னா நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயி என்னங்க பண்றது?

என்னங்க எந்திரிச்சுட்டீங்க? இது புளியம்பட்டிங்க. நீங்களும் சத்திக்குத்தான டிக்கெட் எடுத்தீங்க, நான் பாத்தனே. இங்க எறங்கறீங்களா? அடுத்த பஸ்ஸுல வர்றீங்களா? எதுக்குங்க, இதுலயே ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரலாமே. சரி, உங்க இஷ்டம். கரடியை மறந்துட்டுப் போறீங்க பாருங்க, இந்தாங்க. சாவி போனதுக்கு மனசு வருத்தப்படாதீங்க.

ஒரு நிமிசம் நில்லுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். காந்திபுரத்துல இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலியே நீங்க. நானும் பாத்துட்டுத்தான் வந்தேன். சாவி ஒடஞ்சப்பக்கூட, தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டீங்க. எப்படீங்க முடியுது? மூச்சைப் புடிச்சுக்கறதா? மனசுக்குள்ள எதையாச்சும் சொல்லிக்கறதா? அதைக் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எனக்கு இன்னிக்கு ஒரு நாளைக்கு வேணும்.

சொல்லுங்க, கண்டக்டர் விசில் அடிச்சுருவாரு. ஆ, வாயைத் தொறக்கறீங்க, சொல்லுங்க, சொல்லுங்க.

இருங்க இருங்க. நீங்க சொல்றதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லிர்றேன்.